பதினான்கு வருட நார்மல்

அந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் பதினான்கு வருடமாக ஒரே ஒரு நார்மல்தான் இருந்தார். அவருக்குப் பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. சம்பளப் பட்டியலில் அது வரும். மற்றபடி கீழ்த்தளத்துப் பரிசோதனைக் கூடத்திலிருந்து மேல்மாடி டாக்டர்கள் வரைக்கும், லிஃப்ட் ரிப்பேர் செய்ய வருகிறவர் உட்பட, எல்லோரும் அவரை நார்மல் என்றுதான் கூப்பிட்டார்கள்.

காரணம் இதுதான். கூடம் திறந்த புதிதில் பெரிய டாக்டருக்கு ஒரு சிக்கல் வந்தது. நோயாளியின் ரத்தத்தில் கோளாறு இருக்கிறதா என்று சொல்ல வேண்டுமானால், கோளாறே இல்லாத ரத்தம் ஒன்று பக்கத்தில் இருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்கத்தான். டாக்டரம்மா யோசித்தார். வேலை பார்த்த பதினொரு பேரையும் வரிசையாக உட்கார வைத்து எல்லா டெஸ்ட்டையும் எடுத்தார். ஒருவருக்குச் சர்க்கரை இருந்தது. வரவேற்பு மேசையில் இருந்த பெண்ணுக்குத் தைராய்டு. அன்றைக்குத்தான் தெரிந்து அழுதுகொண்டே வீட்டுக்குப் போனாள். ரத்தம் எடுக்கிற அக்காவுக்குச் சர்க்கரையும் கொழுப்பும் சேர்ந்தே இருந்தன. "ரெண்டுல எதுக்கு முதல்ல பயப்படணும்?" என்று கேட்டுவிட்டு அக்கா டீயில் இன்னொரு கரண்டி சர்க்கரை போட்டுக்கொண்டார். தலைமை டெக்னீசியன் ஒருவர்தான் எந்தப் பக்கம் திருப்பிப் பார்த்தாலும் சுத்தமாக இருந்தார்.

அன்றிலிருந்து மாதத்தின் முதல் திங்கட்கிழமை காலை எட்டரை மணிக்கு அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு உட்காருவார். அக்கா ரத்தம் எடுத்து, இயந்திரத்தில் சுற்றவிட்டு, மேலே தெளிந்து நிற்கும் மஞ்சள் சீரத்தைச் சின்னச் சின்னக் குழாய்களில் ஊற்றி, 'நார்மல்' என்று லேபிள் ஒட்டி ஃப்ரீசரில் வைப்பார். பரிசோதனைப் பெட்டி விற்கும் கம்பெனி, ஒப்பிடுவதற்கான புட்டியோடு ஒரு பெட்டியும் புட்டி இல்லாமல் ஒரு பெட்டியும் விற்றது. டாக்டர் புட்டி இல்லாததையே வாங்கச் சொன்னார். நம்மிடம்தான் நார்மல் இருக்கிறாரே.

இந்தப் பதவி மனிதரை என்ன செய்யும் என்று சொல்லத் தேவையில்லை. அவர் தும்மல் வந்தால் மாடிப்படிக்குப் போய்த் தும்மிவிட்டு வருவார். ஜலதோஷத்துக்கு லீவு போட்டதில்லை. தூரத்து உறவில் யாரையாவது சாகடித்துத்தான் லீவு எடுப்பார். அந்தப் பழைய ரிப்போர்ட்டைப் பிளாஸ்டிக் உறை போட்டு நாற்காலிக்குப் பின்னால் மாட்டியிருந்தார். அவருடைய மாமனார், "எங்க மாப்பிள்ளை டெஸ்ட் பண்ணிப் பார்த்த மாப்பிள்ளை" என்று கல்யாண வீடுகளில் பீற்றிக்கொண்டார். கல்யாணத்துக்குப் பிறகு எடுத்த டெஸ்ட் அது என்பதை அவர் சொல்லவில்லை.

கோளாறு ஆரம்பித்தது ஆர்.ஏ. டெஸ்ட்டில். முடக்குவாதத்துக்குப் பார்க்கிற டெஸ்ட். பார்க்க ரொம்ப எளிது. கறுப்புக் கண்ணாடித் தகட்டில் நோயாளியின் சீரம் ஒரு சொட்டு, கம்பெனி தரும் பால் மாதிரி மருந்து ஒரு சொட்டு. இரண்டையும் குச்சியால் கலக்கி, தகட்டைக் கையில் எடுத்து இரண்டு நிமிடம் இப்படியும் அப்படியும் சாய்க்க வேண்டும். ரத்தத்தில் ஒன்றும் இல்லையென்றால் பால் பாலாகவே இருக்கும். உடம்பு தன்னையே எதிரியாக நினைத்து ஆயுதம் தயாரித்திருந்தால், அந்தப் பால் திரிந்து குருணை குருணையாகப் பிரியும். பக்கத்தில் எப்போதும் நார்மலின் சொட்டு ஒன்று இருக்கும். அது பதினான்கு வருடமாகத் திரிந்ததில்லை.

அந்த மாதம் திரிந்தது. பெரிதாக இல்லை, மெல்லிய மணல் தூவினது போல.

தகட்டைச் சரியாகக் கழுவவில்லை என்று நார்மல் எல்லோரையும் கடிந்துகொண்டார். தகடுகள் மூன்று முறை கழுவப்பட்டன. மணல் போகவில்லை. தண்ணீரை மாற்றினார்கள். ஃப்ரிட்ஜைத் திறந்து வெப்பமானியை வைத்துப் பார்த்தார்கள். ஃப்ரிட்ஜ் தன் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. நார்மல் கம்பெனிப் பிரதிநிதியைக் கூப்பிட்டுச் சத்தம் போட்டார். அந்த மனிதர் தன் தாயார்மேல் சத்தியம் செய்து புதுப் பெட்டி கொடுத்தார். அதிலும் மணல். இன்னொரு பெட்டி. அதிலும். இதற்கு நடுவே, உடம்பில் எங்காவது அழற்சி இருந்தால் ஏறுகிற இ.எஸ்.ஆர். கணக்கு நார்மலுக்கு ஆறிலிருந்து முப்பத்தெட்டுக்கு ஏறியிருந்தது. அக்கா, குழாய் மாட்டும் தாங்கி சாய்ந்திருக்கிறது என்று முடிவு செய்து அதன் ஒரு காலுக்கு அடியில் அட்டையை மடித்து வைத்தார்.

கழுவுகிறவர், தண்ணீர், மின்சாரம், கம்பெனி, கம்பெனிக்காரரின் தாயார், எல்லோர்மேலும் சந்தேகம் வந்தது. நார்மல்மேல் மட்டும் யாருக்கும் வரவில்லை. நார்மலுக்கும் வரவில்லை.

பெரிய டாக்டர் பயிற்சி ஒன்றுக்காக இரண்டு மாதம் வெளியூர் போயிருந்தார். முடிவெடுக்க வேண்டியவர் தலைமை டெக்னீசியன்தான். அவர் எடுத்தார். ஒரு வெள்ளைத் தாளில் கொட்டை எழுத்தில் எழுதி, கையெழுத்துப் போட்டு, நான்கு மூலையிலும் டேப் ஒட்டி மைக்ராஸ்கோப்புக்கு மேலே சுவரில் மாட்டினார். 'தற்போது வரும் மருந்தின் தன்மை இப்படித்தான். மெல்லிய மணல் போல் தெரிந்தால் “இல்லை” என்று எழுதவும்.'

டேப்பைக் கிழிக்க அவருக்கு விரல் ஒத்துழைக்கவில்லை. பல்லால் கடித்துக் கிழித்தார்.

விரல்களுக்கும் அவர் காரணங்கள் வைத்திருந்தார். காலையில் எழுந்தால் இரண்டு கையும் மரக்கட்டை மாதிரி இருந்தது. முதலில் தலையணை மேல் பழி விழுந்தது, பிறகு ஸ்கூட்டரின் பிரேக்மேல், அப்புறம் புதிதாக வந்த குழாய் மூடிகள்மேல். பத்து, பதினொரு மணிக்கு விரல் மடங்க ஆரம்பித்ததும் காரணத்தையும் மறந்துவிடுவார். சட்டைப் பட்டன்களை ஒன்றரை மாதமாக மனைவிதான் போட்டுவிட்டாள். அவள் கேள்வி கேட்கவில்லை, மேல் பட்டனிலிருந்து கீழே வரிசையாகப் போட்டுவிட்டுத் தோளில் ஒரு தட்டுத் தட்டி அனுப்புவாள்.

தாள் ஒட்டிய இரண்டாம் நாள் பேக்கரிக்காரம்மா வந்தார். நாற்பது வயது இருக்கும். புருஷனும் அவருமாக நடத்துகிற கடை. விடிவதற்கு முன்பே மாவு பிசைகிற வேலை அவருடையது. அக்கா அன்றைக்குக் கண் டாக்டரிடம் போயிருந்ததால் நார்மலே ரத்தம் எடுக்க உட்கார்ந்தார்.

"முஷ்டியை மடக்குங்கம்மா."

பேக்கரிக்காரம்மா மடக்கினார். பாதி தூரம் போய் விரல்கள் நின்றன.

"நல்லா மடக்குங்கம்மா. இன்னும் நல்லா. பயப்படாதீங்க, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்."

"பயம் இல்ல சார். இவ்வளவுதான் வருது."

"எல்லாரும் இதைத்தான் சொல்வாங்க," என்றார் நார்மல். அவருக்கும் அன்று காலை ஊசி மூடியைத் திறக்க இரண்டு நிமிடம் ஆகியிருந்தது. ஆனால் அது மூடியின் குற்றம்.

சாயங்காலம் ரிப்போர்ட்டை அவரே கையில் கொடுத்தார். தகட்டில் மெல்லிய மணல்தான் தெரிந்தது. 'இல்லை' என்று எழுதியிருந்தார்.

"ஒண்ணும் இல்லம்மா. நல்ல விஷயம்தானே."

"நல்ல விஷயம்னா கை மடங்கணுமே சார்," என்றார் பேக்கரிக்காரம்மா. நார்மல் சிரித்து வைத்தார். அவர் போன பிறகு பதிவேட்டில் குறிப்புக் கட்டத்தில் வழக்கம்போல் 'மெல்லிய மணல்' என்று எழுதினார். கண்ணால் கண்டது எதையும் எழுதாமல் விடுகிற பழக்கம் அவருக்கு இல்லை. மனிதரைக் காப்பாற்றியது கடைசியில் அந்த ஒரு பழக்கம்தான்.

ஆறு வாரம் கழித்து மேல்மாடி மூட்டு டாக்டரிடமிருந்து ஒரு குழாய் இறங்கி வந்தது. பேக்கரிக்காரம்மாவின் முழங்கால் வீங்கியிருந்தது. ஊசி போட்டு உள்ளே சேர்ந்திருந்த நீரை எடுத்து அனுப்பியிருந்தார்கள். நல்ல மூட்டு நீர் தேன் போலத் தெளிவாக இருக்கும், இழுத்தால் நூல் விடும். இது கலங்கி, தண்ணீராக ஓடியது. நார்மல் உப்புத் தண்ணீரில் கலந்து, கட்டம் போட்ட கண்ணாடியில் ஊற்றி, மைக்ராஸ்கோப்பில் கண்ணை வைத்தார்.

வெள்ளை அணுக்கள். இருநூறுக்குள் இருக்க வேண்டிய இடத்தில் இருபத்திரண்டாயிரம். இவை உடம்பின் காவல்காரர்கள். கிருமி வந்தால் ஓடிவந்து விழுங்குவதற்காகவே சம்பளம் வாங்குகிறவர்கள். இத்தனை பேர் கூடியிருக்கிறார்களே, கிருமி எங்கே என்று நார்மல் சாயம் போட்டுத் தேடினார். ஒரு கிருமி கிடையாது. உப்புப் படிகம் இருக்கிறதா என்று பார்த்தார். அதுவும் இல்லை. சண்டை போட ஆளே இல்லாத இடத்தில் ஒரு படை உட்கார்ந்திருந்தது. வந்த வேலை இல்லையென்று தெரிந்தால் திரும்பிப் போகிற ஜாதி இல்லை அது. இருக்கிற இடத்தையே அரித்துத் தின்ன ஆரம்பித்துவிடும்.

இன்னும் பெரிதாக்கிப் பார்த்தபோது சில அணுக்களின் வயிற்றுக்குள் கறுப்புக் கறுப்பாக மணிகள் தெரிந்தன. திராட்சைக் கொத்து மாதிரி. வேலைக்கு வந்த இத்தனை வருடத்தில் இதை அவர் மூன்று முறைதான் பார்த்திருக்கிறார். உடம்பு தனக்கெதிராகவே தயாரித்து அனுப்பிய பொருளை, உடம்பின் காவல் அணுக்களே விழுங்கி வைத்திருக்கும் கோலம் அது. முடக்குவாதக்காரர்களின் மூட்டில்தான் பெரும்பாலும் இது தெரியும். அவர் பதிவேட்டைப் புரட்டினார். அதே பெயருக்கு நேராக, அவருடைய அழகான கையெழுத்தில், 'இல்லை' என்று இருந்தது.

மூட்டு நீர் பொய் சொல்லாது. அப்படியென்றால் தகடு பொய் சொல்லியிருக்கிறது.

நோயாளிகளின் சீரத்தை இரண்டு மாதம் ஃப்ரீசரில் வைத்திருப்பது அங்கே வழக்கம். பேக்கரிக்காரம்மாவின் பழைய குழாயை எடுத்து டெஸ்ட்டை மறுபடி செய்தார். மெல்லிய மணல். பக்கத்தில் தன் சொட்டு. மெல்லிய மணல். இரண்டையும் விளக்குக்கு அடியில் வைத்துக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தார். அக்காள் தங்கை மாதிரி இருந்தன. மூன்றாவது ஆள் ஒருவர் வேண்டும்.

"அக்கா, கொஞ்சம் கையை நீட்டுங்க."

"என்னையா? எனக்குத்தான் உலகத்துல உள்ளது எல்லாம் இருக்கே தம்பி."

"இது இருக்கான்னு பார்க்கணும்."

அக்கா உட்கார்ந்தார். நார்மலின் விரல்கள் ஊசியைச் சரியாகப் பிடிக்கவில்லை. முதல் குத்து தவறியது. அக்கா முப்பது வருடமாகப் பிறரைக் குத்துகிறவர். அவர் அந்த விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார். இரண்டாவது குத்தில் ரத்தம் வந்தது.

கறுப்புத் தகட்டில் மூன்று சொட்டு. நார்மல் தகட்டைச் சாய்த்தார், நிமிர்த்தினார், சாய்த்தார். இரண்டு நிமிடத்தை அக்கா கடிகாரத்தில் பார்த்துச் சொன்னார். சர்க்கரையும் கொழுப்புமாக இருந்த அக்காவின் சொட்டு, அப்போதுதான் கறந்தது போல் பாலாகவே இருந்தது. மற்ற இரண்டிலும் மணல்.

"நடுவுல இருக்கிறது யாரோடது?" என்று அக்கா கேட்டார்.

நார்மல் தகட்டை விளக்குக்கு இன்னும் பக்கத்தில் கொண்டுபோனார்.

"சொல்லாட்டிப் போங்க. லேபிள் நான்தான் ஒட்டினேன்."

பிறகு அக்கா குரலைத் தாழ்த்தினார். "டாக்டர் நாளைக்குத்தான் வர்றாங்க. இந்தம்மா ரிப்போர்ட்டை மட்டும் மாத்திக் குடுத்துடுவோம். அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடுவோம். நீங்க வேற எங்கயாவது போய்ச் சத்தமில்லாம வைத்தியம் பாருங்க. நான் வாயைத் திறக்க மாட்டேன், தம்பி."

அக்கா திறக்க மாட்டார். அது நார்மலுக்குத் தெரியும். அவர் பதிவேட்டை இழுத்து ஆறு வாரத்தையும் பார்த்தார். 'மெல்லிய மணல்' என்று பத்தொன்பது இடத்தில் எழுதியிருந்தது. பத்தொன்பது பேர் வலியோடு வந்து, ஒன்றும் இல்லை என்ற காகிதத்தோடு திரும்பிப் போயிருக்கிறார்கள். ஒருவருடையதை மாற்றினால் பதினெட்டு பேர் மிச்சம். பதினெட்டு பேரையும் கூப்பிட்டால் ஏன் என்று கேட்பார்கள். ஏன் என்பதற்கு ஒரே பதில்தான் இருந்தது, அது நாற்காலிக்குப் பின்னால் பிளாஸ்டிக் உறையில் தொங்கியது.

வீட்டுக்குப் போய்ச் செருப்பைக் கழற்றாமலே சோபாவில் உட்கார்ந்தார். மனைவி வந்து சட்டைப் பட்டனைக் கழற்ற ஆரம்பித்தாள்.

"நாளைக்கு டாக்டர்கிட்ட சொல்லணும்."

"எதை?"

"என் கையைப் பத்தி."

மனைவியின் விரல் இரண்டாவது பட்டனில் நின்றது. "அப்பாடா. மூணு மாசமா பட்டன் போட்டுவிடறேனே, எதுக்குன்னு நினைச்சீங்க? ஆசையிலயா?"

"நீ கேக்கவே இல்லையே."

"கேட்டா தலையணையை மாத்துவீங்க. இதுவரைக்கும் நாலு மாத்தியாச்சு." சொல்லிவிட்டு அவள் அழுதாள். அவருக்கும் அழுகை வந்தது. வலிக்காக இல்லை. நாளையிலிருந்து தானும் அந்த வெளி பெஞ்சில் டோக்கனோடு உட்காருகிற ஆள் என்பது அவருக்குப் பயமாக இருந்தது. இத்தனை வருடம் அந்த பெஞ்சுக்காரர்களை அவர் வேறொரு இனமாகத்தான் நினைத்திருந்தார். அதை நினைக்க வெட்கமாகவும் இருந்தது.

மறுநாள் காலை பெரிய டாக்டர் கைப்பையை மேசையில் வைக்கும்போதே சுவரில் இருந்த தாள் கண்ணில் பட்டது. மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார். இன்னொரு தடவை படித்தார்.

"இது யார் எழுதினது?"

"நான்தான் டாக்டர்."

"எதை வச்சு எழுதினீங்க?"

"என்னை வச்சு."

டாக்டருக்குப் புரிய மூன்று விநாடி ஆனது. அவர் ஒன்றும் கேட்காமல் நார்மலின் வலது கையை எடுத்து, விரல்கள் உள்ளங்கையில் சேருகிற இடத்தில், இரண்டு பக்கமும் சேர்த்து லேசாக அமுக்கினார். கை குலுக்குகிற அளவுதான். நார்மலுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

"எத்தனை நாளா?"

"காலையில மட்டும்தான் டாக்டர்."

"எத்தனை மணி வரைக்கும்?"

"பதினொண்ணு."

"அதுக்குப் பேர் காலை இல்ல."

டாக்டர் உட்கார்ந்தார். நார்மலுக்குத் தெரிந்த விஷயத்தையே, நோயாளிக்குச் சொல்கிற நிதானத்தில் சொன்னார். அதுவே ஒரு தண்டனையாக இருந்தது. "உடம்புல காவலுக்குன்னு அணுக்கள் இருக்கு. வெளியாளைப் பிடிக்கணும், அதான் வேலை. உங்களுக்கு அது மூட்டோட உள்சவ்வை வெளியாள்னு நினைச்சு உள்ள நுழைஞ்சிருக்கு. நுழைஞ்சது சும்மா இருக்காது, ரசாயனத்தை விட்டு மத்ததையும் கூப்பிடும். கூட்டம் சேரும், வீங்கும், அப்புறம் எலும்பை அரிக்கும். முதல் சில மாசம் ரொம்ப முக்கியம். அப்ப பிடிச்சா அடக்கிடலாம்." அவர் தாளைப் பார்த்தார். "அதுங்க சொந்தத்தை வெளியாள்னு நினைக்குதுங்க. நீங்க நோய்ங்கிற வெளியாளைச் சொந்தம்னு நினைச்சுட்டீங்க. எது மோசம்னு எனக்குச் சொல்லத் தெரியல."

"பத்தொன்பது பேர் டாக்டர். எல்லாம் எழுதி வச்சிருக்கேன்."

"எல்லாருக்கும் நோய் இருக்கும்னு இல்ல. ஆனா எல்லாரையும் மறுபடி பார்க்கணும்." டாக்டர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். "புட்டி வேண்டாம்னு பதினாலு வருஷமாச் சொன்னது நான். அதனால உங்களை மட்டும் திட்ட முடியல, அதுதான் எரிச்சலா இருக்கு. நாளையிலேர்ந்து நீங்க நோயாளி. இன்னைக்குச் சாயங்காலம் வரைக்கும் டெக்னீசியன். உட்கார்ந்து பத்தொன்பது பேருக்கும் போன் பண்ணுங்க."

அவர் பண்ணினார். எண்களை அமுக்க விரல் மறுத்ததால் பேனாவின் பின்பக்கத்தால் அமுக்கினார். ஒருவர் வேறு இடத்தில் பார்த்து மாத்திரை சாப்பிட ஆரம்பித்திருந்தார். "உங்க ரிப்போர்ட்டை அந்த டாக்டர் தூக்கிப் போட்டுட்டார்" என்றார் சந்தோஷமாக. ஒரு பெரியவர் முழுவதையும் கேட்டுவிட்டு, "அப்ப எனக்கு நோய் இருக்கா, உங்களுக்கு நோய் இருக்கா?" என்று தெளிவு கேட்டார். இரண்டு பேர் திட்டினார்கள். நார்மல் போனைக் காதிலிருந்து விலக்காமல் கேட்டுக்கொண்டார். ஒரு பெண் நன்றி சொன்னாள். அதுதான் தாங்க முடியவில்லை. எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார்.

பேக்கரிக்காரம்மாவைக் கடைசிக்குத் தள்ளி வைத்திருந்தார். தள்ளினாலும் வந்துதானே ஆக வேண்டும்.

"அம்மா, உங்க பழைய ரிப்போர்ட் தப்பு. உங்களுக்கு முடக்குவாதம் இருக்கு. மேல டாக்டர் இன்னைக்கே மருந்து ஆரம்பிப்பார். தப்பு என்னோடது. என்னை அளவா வச்சுத்தான் உங்களைப் பார்த்தேன். என் அளவே கெட்டுப் போயிருந்தது. எனக்கும் அதே வியாதி."

மறுமுனையில் தட்டுகள் அடுக்கும் சத்தம் கேட்டது. பிறகு நின்றது.

"ஆறு வாரம் சார்."

"ஆமாம்மா."

"ஆறு வாரமா என் வீட்டுக்காரர் அந்தக் காகிதத்தைக் கல்லாப்பெட்டி மேல ஒட்டி வச்சிருக்கார். நான் கை வலிக்குதுன்னு சொன்னா அதைக் காட்டுவார். வேலைக்கு வணங்காதவள்னு ஊருக்கே சொல்லியாச்சு. நானும் அப்படித்தானோன்னு நினைக்க ஆரம்பிச்சுட்டேன்."

நார்மல் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"இருங்க. இப்ப என்கிட்ட சொன்னதை அப்படியே அவர்கிட்டயும் சொல்லுங்க."

போன் கைமாறியது. ஒரு ஆண் குரல், "யாரு?" என்றது. நார்மல் முதலிலிருந்து சொன்னார். பழைய ரிப்போர்ட் தப்பு என்றார். அந்த அம்மாள் சொன்னது ஒவ்வொன்றும் நிஜம் என்றார். தனக்கும் அப்படித்தான் இருக்கிறது, காலையில் டம்ளரைப் பிடிக்க முடியாது என்றார். அதை அவர் மனைவியிடம்கூட இப்படி வாய்விட்டுச் சொன்னதில்லை. அந்தப் பக்கம் டேப் கிழிகிற சத்தம் கேட்டது.

அடுத்த வாரம் முதல் திங்கட்கிழமை. ஃப்ரீசரில் பழைய குழாய்கள் ஆறு மிச்சம் இருந்தன. கொட்டிவிடலாமா என்று அக்கா கேட்டார்.

"கொட்டாதீங்க," என்றார் டாக்டர். "நல்லாத் திரியற ரத்தம் நம்மகிட்ட எப்பவும் இருக்கு. ஒப்பிட்டுப் பார்க்க லேசாத் திரியற ரத்தம்தான் இருந்ததே இல்ல. அது இருந்திருந்தா இந்தத் தப்பே வந்திருக்காது. லேபிளை மாத்துங்க. மாத்திரை ஆரம்பிச்சா இதுவும் போயிடும், அதனால இன்னைக்கே இன்னும் ரெண்டு குழாய் எடுத்து வச்சுக்கோங்க."

இப்படியாக அவருக்கு வேலை போகவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கத்துக்கு மாற்றல் ஆனது, அவ்வளவுதான். அக்கா புது லேபிளில் 'மெல்லிய மணல்' என்று எழுதினார். சுவரில் இருந்த தாளை நார்மல் போன வாரமே பிய்த்திருந்தார். இன்றைக்குப் பிளாஸ்டிக் உறையையும் கழற்றினார். கூப்பிடுகிறவர்கள் மட்டும் நார்மல் என்றே கூப்பிட்டார்கள். பதினான்கு வருடப் பழக்கம், யாரும் யோசித்துச் செய்யவில்லை.

முதல் மாத்திரை சட்டைப்பையில் இருந்தது. அவர் வெளியே டோக்கன் வாங்கி, பெஞ்சில் முறைக்காகக் காத்திருந்து, உள்ளே வந்து நோயாளிகளின் நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து நாற்காலியில் பேக்கரிக்காரம்மா. மருந்து ஆரம்பித்து ஐந்து நாள் ஆகியிருந்தது. மருந்து கல்லீரலைக் கெடுக்கிறதா என்று பார்க்க ரத்தம் கொடுக்க வந்திருந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துத் தலையசைத்துக்கொண்டார்கள்.

அக்கா பட்டையைக் கட்டினார். மணி எட்டரை.

"முஷ்டியை மடக்குங்க தம்பி."

நார்மல் மடக்கினார். விரல்கள் பாதி தூரம் போய் நின்றன. அதற்குமேல் போகச் சொல்லிப் பார்த்தார். நெற்றியில் வியர்த்தது. விரல்கள் நகரவில்லை.

"நல்லா மடக்குங்க சார்," என்றது பக்கத்து நாற்காலி. குரலில் சிரிப்பும் இல்லை, கோபமும் இல்லை. "இன்னும் நல்லா. பயப்படாதீங்க, எறும்பு கடிக்கிற மாதிரிதான் இருக்கும்."

"பயம் இல்லம்மா," என்றார் நார்மல். "இவ்வளவுதான் வருது."

"எனக்குத் தெரியும் சார்," என்றார் பேக்கரிக்காரம்மா.